அமெரிக்கக் கால்நடைப் பண்ணையாளர்களுக்குப் பேரிடர் உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிப்புயலோ வறட்சியோ காட்டுத்தீயோ, எது வந்தாலும் மாட்டுப்பண்ணைக்காரருக்கு முதல் கவலை மந்தை, அடுத்த கவலை வங்கிக் கடன். அமெரிக்காவில் அந்த இரண்டாவது கவலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எந்த இழப்புக்கு எந்தத் திட்டம், எவ்வளவு கிடைக்கும், எதைக் காட்ட வேண்டும் என்பதில் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் குழப்பம் உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சில எண்களை மாற்றிவிட்டதால் பழைய கையேட்டை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் தவறாகப் போடுகிறார்கள். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவரை நேராகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லா இழப்புக்கும் ஒரே திட்டம்தானா?

இல்லை. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மாடு செத்தால் ஒரு திட்டம்: லைவ்ஸ்டாக் இன்டெம்னிட்டி புரோகிராம், சுருக்கமாக எல்.ஐ.பி. மாடு உயிரோடு இருக்கிறது, மேயப் புல் இல்லை என்றால் இன்னொன்று: லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் புரோகிராம், எல்.எஃப்.பி. இந்த இரண்டிலும் அடங்காத தீவன இழப்பு, தண்ணீர் லாரிச் செலவு போன்றவற்றுக்கு எலாப் என்று மூன்றாவது திட்டம். வேலி எரிந்தாலோ வெள்ளத்தில் போனாலோ அதற்கு அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம், ஈ.சி.பி.

இவை நான்கும் அமெரிக்க வேளாண் துறையின் கீழுள்ள ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி நடத்துபவை. பண்ணைக்காரர்கள் 'எஃப்.எஸ்.ஏ. ஆபீஸ்' என்று சொல்வது அதைத்தான். உங்கள் கவுண்டிக்கான (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகம் எதுவோ அதில்தான் எல்லா வேலையும் நடக்கும்.

இந்த உதவி எப்போதிலிருந்து இருக்கிறது?

வேர் 1930களில் இருக்கிறது. 1934 வறட்சியில் புல்லும் தண்ணீரும் இல்லாமல் மந்தைகள் எலும்பும் தோலுமாக நின்றபோது அரசே மாடுகளை விலைக்கு வாங்கியது. 80 லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். தேறாதவற்றை அங்கேயே கொன்று புதைத்தார்கள், மற்றவை இறைச்சியாகி ஏழைகளுக்குப் போயின.

இன்று நாம் பேசும் திட்டங்கள் 2008 வேளாண் சட்டத்தில் வந்தவை. அந்தச் சட்டம் இவற்றுக்கு 2011 செப்டம்பர் 30 வரைதான் ஆயுள் கொடுத்தது. அதற்கப்புறம் நீட்டிக்க நாடாளுமன்றத்தில் உடன்பாடு வரவில்லை. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய விதிகள் பலவற்றின் அருமை அதில்தான் தெரியும்.

2013 அக்டோபர் முதல் வாரம். தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் மாடுகள் இன்னும் கோடைக்கால மேய்ச்சலில்தான் நின்றிருந்தன. குளிர்கால ரோமம் அவற்றுக்கு இன்னும் வளரவில்லை. முதலில் மழை பெய்து உடம்பு முழுக்க நனைந்தது. பிறகு அந்த மழையே பனியாக மாறி, பலத்த காற்றோடு விடாமல் கொட்டியது. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கும் விலங்கு. கன்றோடு பல மைல் அப்படியே நடந்து, வேலிகளைத் தாண்டி, ஓடைப் பள்ளங்களிலும் குட்டைகளிலும் விழுந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. பத்தாயிரத்துக்கும் மேல். அட்லஸ் புயல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பனி வடிந்தபின் பண்ணைக்காரர்கள் காதுவில்லையையும் சூட்டுக்குறியையும் பார்த்து, எது யாருடைய மாடு என்று அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பிரித்தார்கள்.

அந்த நேரத்தில் எல்.ஐ.பி. காலாவதியாகியிருந்தது. அதற்குமேல் நிதி ஒதுக்கீடு இல்லாமல் அக்டோபர் 1 முதல் அரசு முடங்கிக் கிடந்ததால் எஃப்.எஸ்.ஏ. அலுவலகமே பூட்டியிருந்தது. இழப்பைச் சொல்லிப் பதிவு செய்யக்கூட ஆள் இல்லை. மற்ற மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் தங்கள் மந்தையிலிருந்து கிடேரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அரசுக்கு முன்னால் அவர்கள்தான் வந்து சேர்ந்தார்கள்.

2014 பிப்ரவரி 7 அன்று புதிய வேளாண் சட்டம் கையெழுத்தாகி இந்தத் திட்டங்களை நிரந்தரமாக்கியது, 2011 அக்டோபர் 1 முதலான இழப்புகளுக்கும் பின்தேதியிட்டுப் பணம் தந்தது. விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது ஏப்ரல் 15-ல். புயலிலிருந்து ஆறு மாதம். படம் எடுத்து, எண்ணி, எழுதி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆறு மாதம் கழித்தும் வழக்கு வலுவாக இருந்தது. எழுதி வைக்காமல் புதைத்துவிட்டவர்கள் அந்தக் கணக்கை மறுபடி கட்டி எழுப்பப் படாத பாடு பட்டார்கள்.

மாடு செத்தால் எவ்வளவு கிடைக்கும்?

வானிலையாலோ தகுதியுள்ள நோயாலோ செத்தால், அந்த வகைக் கால்நடையின் சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவீதம். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு அடித்துக் கொன்றால் 100 சதவீதம். இந்த 100 என்பது 2025 சட்டத்தில் வந்தது, அதற்குமுன் அதுவும் 75தான். சினைமாடு செத்தால் வயிற்றிலிருந்த கன்றுக்கும் தனியாக ஒரு தொகை தரும் வழியை அதே சட்டம் திறந்தது. சினைமாட்டை இழந்தவருக்கு அடுத்த வருட வருமானமும் சேர்ந்தே போகிறது. இது வெகுநாளாக வர வேண்டிய மாற்றம்.

'சராசரிச் சந்தை மதிப்பு' என்பதைக் கவனிக்க வேண்டும். உங்கள் மாட்டின் விலை அல்ல. கால்நடையின் இனம், வகை, எடைப் பிரிவு ஆகியவற்றை வைத்து நாடு முழுவதற்கும் ஒரே விகிதத்தை வேளாண் துறை ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கும். பரம்பரைச் சான்றுள்ள பொலிகாளைக்கு நீங்கள் எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் சாதாரணக் காளைக்கான விகிதம்தான். இந்த விகிதங்கள் சில காலம் நடைமுறையை விட்டு விலகிப் போயிருந்ததும் உண்டு. 250 பவுண்டுக்குக் குறைந்த கன்றுக்கு 175 டாலர்தான் இருந்தது. எதிர்ப்பு வந்து, 2022-ல் அதை 474 டாலராக ஏற்றினார்கள்.

அடிபட்டுச் சாகாமல் பிழைத்து, அந்தக் காயத்தால் குறைந்த விலைக்கு விற்ற மாட்டுக்கும் உதவி உண்டு. விற்று வந்த தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக்குக் கணக்குப் போடுவார்கள். காட்டுத்தீயில் மடி வெந்து, குளம்பு கழன்று, நிற்கமுடியாமல் நிற்கும் மாடுகளை வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

செத்த எல்லா மாட்டுக்கும் தருவார்களா?

தரமாட்டார்கள். எந்த மந்தையிலும் வருடத்துக்குச் சில சாகும். அதை 'இயல்பான இறப்பு' என்று மாநிலவாரியாக ஒரு சதவீதமாக வைத்திருக்கிறார்கள். அதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம். உதாரணத்துக்கு, 400 பசுக்கள் உள்ள மந்தையில் இயல்பான இறப்பு 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 6. பனிப்புயலில் 46 செத்தால் 40-க்குத்தான் கணக்கு. சின்ன மந்தைக்காரருக்கு ஒன்றிரண்டு கன்று போனால் இந்தக் கழிவிலேயே எல்லாம் கரைந்துவிடும். விண்ணப்பிக்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எந்தெந்த வானிலை சேரும்?

பனிப்புயல், வெள்ளம், சூறாவளி, மின்னல், காட்டுத்தீ, கடும் குளிர், கடும் வெப்பம். வெப்பம் சேருமா என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். சேரும். 2022 ஜூனில் கான்சஸின் தென்மேற்கில் வெயிலோடு ஈரப்பதமும் ஏறி, காற்று நின்று, இரவிலும் குளிராமல் போனதால் கொழுக்கவைக்கும் கொட்டில்களில் ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் வெளியேற்றும். இரவு குளிராவிட்டால் அடுத்த நாள் தாங்காது.

வறட்சி மட்டும் எல்.ஐ.பி.யில் சேராது. வறட்சியில் மாடு ஒரே நாளில் சாவதில்லை, அதற்கு எல்.எஃப்.பி. இருக்கிறது என்பது அரசின் வாதம். ஒரே ஒரு விதிவிலக்கு, வறட்சியோடு தொடர்புள்ள ஆந்த்ராக்ஸ். காய்ந்த நிலத்தில் மாடு புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும்போது மண்ணில் உறங்கும் கிருமி உள்ளே போகும்.

ஓநாய் அடித்தால்? கொயோட்டி அடித்தால்?

ஓநாய்க்கு உண்டு, நரி போன்ற காட்டு விலங்கான கொயோட்டிக்கு இல்லை. மத்திய அரசு காட்டுக்குள் மறுபடி கொண்டுவந்து விட்ட விலங்கு, அல்லது மத்தியச் சட்டம் பாதுகாக்கும் விலங்கு அடித்தால்தான் இந்தத் திட்டம். யெல்லோஸ்டோனில் 1995-ல் சாம்பல்நிற ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் 1998-ல் மெக்சிகன் ஓநாய். சமூகம் முழுவதும் சேர்ந்து ஒரு விலங்கைத் திருப்பிக் கொண்டுவர முடிவெடுத்தது, அதன் விலையைப் பக்கத்தில் வாழும் ஒருவர் மட்டும் கொடுக்கக்கூடாது. 100 சதவீதம் என்பதன் நியாயம் அதுதான். எனக்கு அதில் முழு உடன்பாடு.

சிக்கல் நிரூபிப்பதில்தான். மலை மேய்ச்சலில் செத்த கன்றை இரண்டு மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தால் எலும்பும் தோலும்தான் மிஞ்சியிருக்கும். பல்தடத்தையும் தோலுக்கடியில் இரத்தம் கட்டியதையும் வைத்துத்தான் அதிகாரி முடிவு சொல்வார். அதனால் பார்த்த உடனே தார்ப்பாயால் மூடுங்கள், சுற்றி நடந்து காலடித் தடத்தை அழிக்காதீர்கள், வனவிலங்கு அலுவலரைக் கூப்பிடுங்கள்.

என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். ஒன்று, பேரிடருக்கு முன் உங்களிடம் எத்தனை இருந்தன. இரண்டு, எத்தனை செத்தன, எதனால் செத்தன. இரண்டாவதை எல்லோரும் யோசிக்கிறார்கள். விண்ணப்பம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் முதலாவதில்தான்.

முன்பு இருந்த எண்ணிக்கைக்கு வங்கிக்குக் கொடுத்த மந்தைப் பட்டியல், தடுப்பூசி போட்ட மருத்துவரின் பதிவு, வாங்கிய ரசீது, வரிக் கணக்கு ஆகியவை உதவும். இறப்புக்குத் தேதியுள்ள படம், செத்த உடலை எடுத்துச் சென்ற லாரியின் ரசீது, மருத்துவரின் கடிதம், நேரில் பார்த்த வெளி ஆளின் கையெழுத்து. வெளி ஆள் என்றால் பண்ணையில் பங்கோ உறவோ இல்லாதவர்.

படம் எடுப்பதில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு உடலுக்கும் இரண்டு படம். ஒன்றில் காதுவில்லையின் எண் படிக்கும்படி தெரிய வேண்டும். இன்னொன்று பத்தடி தள்ளி நின்று, பின்னால் இருக்கும் வேலியோ காற்றாலையோ மேடோ தெரியும்படி. முதல் படம் எந்த மாடு என்று சொல்லும், இரண்டாவது எந்த இடம் என்று சொல்லும். எண்ணி முடித்த மாட்டின் முதுகில் ஸ்பிரே பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் அதையே மறுபடி எண்ண மாட்டீர்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு: தேதி, வில்லை எண், இடம், கூட இருந்தவர் பெயர். கை விறைத்துப்போன குளிரில் இதைச் செய்வது கொடுமை. வளர்த்த மாட்டை அப்படிப் படம் பிடிக்க மனசும் வராது. ஆனாலும் அன்றைக்கே செய்துவிட வேண்டியது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் காத்திருக்கும்.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடகோடியான பேன்ஹேண்டிலில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. 7,000-க்கும் மேற்பட்ட மாடுகள் போயின. அப்படிப்பட்ட தீயில் காதுவில்லையே உருகிவிடும். அங்கே கைகொடுப்பது தீக்கு முந்தைய மந்தைப் பட்டியல்தான். அந்தப் பட்டியல் வீட்டு மேசை டிராயரில் மட்டும் இருந்தால் வீட்டோடு அதுவும் போய்விடும். ஒரு நகலைத் தொலைபேசியிலோ வங்கியிலோ வைத்திருங்கள்.

எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

எல்.ஐ.பி.க்கு இழப்பு நடந்த நாட்காட்டி ஆண்டு முடிந்து 60 நாட்களுக்குள். ஒரு காலத்தில் இழப்பு தெரிந்த 30 நாட்களுக்குள் முதல் தகவல் கொடுத்தாக வேண்டியிருந்தது. நேரம் நீண்டுவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள், ஞாபகம் மங்கும். மற்ற திட்டங்களுக்குக் கெடு வேறு. உங்கள் கவுண்டி அலுவலகத்தில் அந்தந்த ஆண்டுக்கான தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

புல் காய்ந்துவிட்டது. யார் வந்து பார்ப்பார்கள்?

யாரும் வரமாட்டார்கள். வறட்சி உதவியில் பண்ணைக்காரர்களை அதிகம் வியக்க வைப்பது இதுதான். எல்.எஃப்.பி. முழுக்க ஒரு வரைபடத்தை நம்பியிருக்கிறது: யு.எஸ். டிராட் மானிட்டர். 1999-லிருந்து வரும் இந்த வரைபடத்தை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லிங்கன் வளாகத்தில் உள்ள தேசிய வறட்சித் தணிப்பு மையம், வேளாண் துறை, தேசியக் கடல்-வளிமண்டல நிறுவனம் மூன்றும் சேர்ந்து வியாழக்கிழமை தோறும் வெளியிடுகின்றன. மஞ்சளில் தொடங்கி அரக்குச் சிவப்பு வரை ஐந்து நிறம். டி0 என்றால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உலர்வு, டி4 என்றால் மிகக் கொடிய வறட்சி.

உங்கள் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி, அந்தப் புல் வகைக்கான மேய்ச்சல் பருவத்தில், தொடர்ந்து 4 வாரம் டி2-வில் இருந்தால் ஒரு மாதத் தொகை. 8 வாரத்தில் 7 வாரம் இருந்தால் இரண்டு மாதத் தொகை. இவை 2025 சட்டம் தளர்த்திய எண்கள். அதற்குமுன் 8 வாரம் தொடர்ந்து இருந்தால்தான் ஒரு மாதத் தொகையே வரும். டி3 ஒரு வாரம் தொட்டாலும் மூன்று மாதம். டி3 நான்கு வாரம், அல்லது டி4 ஒரு வாரம் என்றால் நான்கு மாதம். டி4 நான்கு வாரம் என்றால் ஐந்து மாதம், அதுதான் உச்சம்.

கவுண்டியின் ஏதாவது ஒரு மூலை என்பது உங்களுக்குச் சாதகமாகவும் போகலாம். உங்கள் நிலத்தில் கொஞ்சம் மழை பெய்திருந்தாலும் மறுகோடி காய்ந்திருந்தால் தகுதி வந்துவிடும். எதிர்ப்புறமும் நடக்கும். உங்கள் புல் மொத்தமும் போயிருக்கும், வரைபடத்தில் கவுண்டி டி1-லேயே நிற்கும். அப்போது ஒரு பைசா வராது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. வரைபடத்தை வரைபவர்கள் மழைமானியை மட்டும் பார்ப்பதில்லை, களத்திலிருந்து வரும் அறிக்கைகளையும் பார்க்கிறார்கள். தேசிய வறட்சித் தணிப்பு மையத்தின் இணையதளத்தில் உங்கள் நிலத்தின் படத்தோடு நிலைமையை யார் வேண்டுமானாலும் பதியலாம். சும்மா காய்ந்த தரையைப் படம் எடுத்து அனுப்பினால் பெரிதாக உதவாது. ஒரே இடத்தில் நின்று, நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஒரு படம், இந்த ஆண்டும் ஒரு படம் என்று வைத்தால் வித்தியாசம் அவர்கள் கண்ணில் படும். ஒருவர் அனுப்புவதைவிட ஒரே கவுண்டியிலிருந்து பத்துப் பேர் அனுப்புவதற்கு எடை அதிகம்.

ஒரு மாதத் தொகை என்றால் எவ்வளவு?

ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம். தீவனச் செலவை உங்கள் ரசீதை வைத்துப் போடமாட்டார்கள். வளர்ந்த ஒரு இறைச்சிப் பசு நாளுக்கு 15.7 பவுண்டு மக்காச்சோளத்துக்கு இணையான தீவனம் தின்னும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 30 நாளுக்கு 471 பவுண்டு. ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு என்பதால் அது எட்டரை புஷலுக்குச் சற்றே குறைவு. புஷல் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 42 டாலர், அதில் 60 சதவீதம் 25 டாலர் சொச்சம். ஒரு பசுவுக்கு ஒரு மாதத்துக்கு அவ்வளவுதான். வறட்சியில் உலர்புல் விலை எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தடையும் உண்டு. உங்கள் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்ற கணக்கையும் போட்டு, இரண்டில் எது குறைவோ அதை எடுப்பார்கள். நிலம் தாங்குவதற்கு மேல் மாடு வைத்திருந்தால் கூடுதல் மாட்டுக்குப் பணமில்லை. இந்த விதி எனக்குச் சரியாகவே படுகிறது. அளவுக்கு மீறி மேய்த்த நிலத்தை வறட்சி முதலில் கொல்கிறது.

வறட்சி தாங்காமல் மந்தையைக் குறைத்து விற்றவர்களுக்கும் வழி உண்டு: விற்ற மாட்டுக்கு மற்ற மாட்டுக்கான தொகையில் 80 சதவீதம். கொட்டிலில் கொழுக்க வைக்கும் மாடுகள் இந்தத் திட்டத்தில் சேராது, அவை மேய்வதில்லை.

அரசு நிலத்தில் மேய்க்கிறேன். தீ வந்ததால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.

அதுவும் எல்.எஃப்.பி.தான். மத்திய அரசு நிலத்தில் தீயால் மேய்ச்சல் தடைபட்டால் மாதத் தீவனச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 180 நாள் வரை. சொந்த நிலத்தில் தீ என்றால் இங்கே இல்லை, எலாப் பக்கம் போக வேண்டும்.

எலாபில் என்னென்ன அடங்கும்?

வறட்சியில் மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் செலவு, தீவனத்தை 25 மைலுக்கு மேல் தூரத்திலிருந்து கொண்டுவரும் கூடுதல் செலவு, பனிப்புயலில் அழிந்த உலர்புல், இவையெல்லாம். தேனீப் பெட்டிகளும் பண்ணை மீனும்கூட இதில் உண்டு. பெரும்பாலும் செலவில் 60 சதவீதம்.

2024-ல் இதற்கு ஒரு புது வேலை வந்தது. பறவைக் காய்ச்சல் கிருமியான எச்5என்1 கறவை மாடுகளுக்குத் தொற்றியபோது மாடுகள் பெரும்பாலும் சாகவில்லை, பால் வற்றியது. சாகாமல் மந்தையிலேயே நிற்கும் மாட்டுக்கு எல்.ஐ.பி. கிடையாது. அதனால் பால் இழப்பை எலாபில் சேர்த்தார்கள். நோய் வந்த மாடு 21 நாள் பாலே கொடுக்கவில்லை, அடுத்த 7 நாள் பாதிதான் கொடுத்தது என்று கொண்டு, அந்த இழப்பில் 90 சதவீதம். 2024 ஜூலை 1 முதல் விண்ணப்பம் வாங்கினார்கள்.

பறவைக் காய்ச்சலில் கோழிகளை அழித்தால்?

அது வேறு அலுவலகம்: விலங்கு, தாவர நலச் சேவை, ஏபிஸ் என்பார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு அழிக்கும்போது உயிரோடு இருந்த கோழிக்குத்தான் ஈடு. அதற்குமுன் நோயில் செத்ததற்கு இல்லை. நோயைச் சீக்கிரம் சொல்லத் தூண்டுவதுதான் நோக்கம். அதனால் சந்தேகம் வந்த அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் கொட்டகையில் செத்த கோழி கூடும், ஈடு குறையும்.

விண்ணப்பிக்காமலே கணக்கில் பணம் வந்திருக்கிறது. தவறா?

பெரும்பாலும் தவறில்லை. நிரந்தரத் திட்டங்கள் போதாத ஆண்டுகளில் நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்கும். அதைக் கால்நடை அவசர நிவாரணம், ஈ.எல்.ஆர்.பி. என்று கொடுப்பார்கள். 2021 வறட்சிக்கும் தீக்கும் 75 கோடி டாலர் ஒதுக்கி 2022-ல் கொடுத்தார்கள். 2023, 2024 இழப்புகளுக்காக 2024 டிசம்பரில் சட்டம் வந்து, வறட்சிக்கும் தீக்குமான பகுதியை 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். ஏற்கெனவே எல்.எஃப்.பி.யில் இருந்தவர்களின் விவரம் கையில் இருந்ததால் அதையே வைத்துக் கணக்குப் போட்டு அனுப்பினார்கள். எல்.எஃப்.பி. தொகை சிறிதாக இருக்கிறது என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இந்த இரண்டாவது தொகையையும் சேர்த்து இழந்தார்கள்.

உச்சவரம்பு உண்டா?

எல்.எஃப்.பி.க்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர். எல்.ஐ.பி.க்கும் எலாபுக்கும் வரம்பு இல்லை. சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் என்றால் பொதுவாகத் தகுதி இல்லை.

குத்தகை நிலத்தில் மேய்ப்பவருக்கு?

உண்டு. மாடு செத்தால் அது யாருடையது என்பதே கேள்வி, நிலம் யாருடையது என்பதல்ல. புல்லுக்கு, அந்த நிலத்தின் இழப்பு உங்கள் தலையில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் இப்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒப்பந்தத்துக்குக் கோழி, பன்றி வளர்ப்பவர்களுக்கும் எல்.ஐ.பி.யில் இடம் உண்டு.

வேலிக்கு எவ்வளவு?

ஈ.சி.பி.யில் பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை. வேலியை அடைத்துவிட்டுப் பிறகு ரசீது காட்டுவதுதான் வழக்கம், ஆனால் கையில் காசில்லாதவர் என்ன செய்வார்? 2018 வேளாண் சட்டம் வேலிக்கு மட்டும் 25 சதவீதத்தை முன்பணமாக வாங்க வழி செய்தது. அனுமதி வாங்கும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் சிக்கல். மாடு சாலைக்கு ஓடுகிறது என்று இரவோடிரவாக வேலி அடைப்பது மனித இயல்பு. அதற்கு முன் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள்.

மழைக் காப்பீடு வைத்திருக்கிறேன். இதுவும் கிடைக்குமா?

கிடைக்கும். மேய்ச்சல் நிலத்துக்கான பி.ஆர்.எஃப். காப்பீட்டுக்கும் எல்.எஃப்.பி.க்கும் மோதல் இல்லை. அந்தக் காப்பீடும் உங்கள் புல்லைப் பார்ப்பதில்லை. இரண்டு மாதக் காலப்பகுதிகளில் உங்கள் நிலம் அடங்கும் வரைபடக் கட்டத்தில் பெய்த மழையை நெடுநாள் சராசரியோடு ஒப்பிடுகிறது. ஒன்று வரைபடம், இன்னொன்று மழைக்கட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் தவறுவது அபூர்வம் என்பதால், முடிந்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். காப்பீட்டில் சேர வழக்கமான கடைசி நாள் டிசம்பர் 1.

வரி உண்டா?

உதவித்தொகை வருமானம்தான், வரி உண்டு. ஆனால் வறட்சியால் கட்டாயமாக விற்ற இனப்பெருக்க மாடுகளின் லாபத்தைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. மத்தியப் பேரிடர் பகுதி என்றால் நான்கு ஆண்டுக்குள் மாற்று மாடு வாங்கினால் போதும். மந்தையை விற்ற ஆண்டே கணக்காளரிடம் கேளுங்கள்.

பணம் பெரிய பண்ணைகளுக்கே போகிறது என்கிறார்களே?

மாட்டின் எண்ணிக்கையை வைத்துக் கொடுப்பதால் அதிக மாடு வைத்திருப்பவருக்கு அதிகம் போகும், அது உண்மை. ஆனால் சின்னப் பண்ணைக்காரர் தோற்கும் இடம் வேறு. பெரிய பண்ணையில் கணக்கெழுத ஆள் இருக்கிறார். நாற்பது மாடு வைத்துக்கொண்டு வெளிவேலைக்கும் போகிறவர் எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் தன் பெயரில் ஒரு பண்ணை எண்கூட வாங்கியிருக்க மாட்டார். புயல் அடித்த வாரத்தில் அவர் முதல் முறையாக அங்கே போய் அடையாளம், நில விவரம், வருமான உறுதிமொழி என்று ஆறேழு படிவத்தோடு தொடங்குகிறார். ஒரு பேரிடரும் இல்லாத அமைதியான வாரத்தில் ஒருமுறை போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். கட்டணம் இல்லை.

மறுத்துவிட்டார்கள். விட்டுவிடவா?

விடாதீர்கள். மறுப்புக் கடிதம் வந்த 30 நாட்களுக்குள் கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அந்தக் குழு உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுத்தது, பனியில் மாடு எப்படிச் சாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் மாநிலக் குழு, அதற்கும் மேல் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. என்ன ஆதாரம் குறைந்தது என்று கடிதத்தில் இருக்கும், அந்த ஒன்றைத் தேடுங்கள். கால்நடை மருத்துவரின் பழைய பில், ஏல மண்டியின் ரசீது, அண்டை வீட்டார் அன்று தன் தொலைபேசியில் எடுத்த படம், எங்காவது ஒன்று கிடைக்கும்.

சாலை மூடியிருக்கிறது, அலுவலகத்துக்குப் போக முடியவில்லை.

போக வேண்டாம். முதல் தகவலைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்லலாம். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை அந்தச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டு, மந்தையைப் பார்க்கப் போங்கள்.